சரித்திரக் காதல் நாவல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: எது முதலில், எந்தப் பதிப்பு, எவ்வளவு செலவு, எத்தனை நாள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தபோது, எனக்குத் தெரிந்த பலர் புத்தகக் கடைக்குப் போய் ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் வாங்கி வந்தார்கள். முதல் பாகத்தின் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் படித்த இடத்தைக் காட்டும் அட்டை இன்னும் செருகியபடியே இருக்கிறது. அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. எங்கே தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது, எவ்வளவு நாள் ஒதுக்குவது என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நானும் சரித்திர நாவல் வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்தவள். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடையில் ஒரே நூலுக்கு ஐந்தாறு விலை. இணையத்தில் இறக்கிய கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக எழுத்து. இதையெல்லாம் தாண்டி வந்த பிறகு எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

வரலாறு தெரிந்துகொள்ளத்தான் என்றால் வரலாற்று நூலையே படிக்கலாம்; அதுதான் நேர்வழி. சரித்திர நாவலின் ஈர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

நரசிம்ம பல்லவன் 642-இல் வாதாபியைப் பிடித்தான் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. போர் யாருக்கு வெற்றி என்பதில் நமக்கு எந்தப் பதைப்பும் கிடையாது. ஆனால் 'சிவகாமியின் சபத'த்தில் அந்த மன்னனைக் காதலித்த சிற்பியின் மகளுக்கு என்ன ஆகும் என்பது எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. தெரிந்த போருக்கு நடுவே தெரியாத ஒரு காதல். நாட்டின் கதி நமக்கு முன்பே தெரியும், அந்த இருவரின் கதி தெரியாது. இந்த இடைவெளியில்தான் நம்மைத் தூங்கவிடாமல் அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கும் விசை இருக்கிறது. மன்னன் வென்றால் அவளுக்கு நல்லதா கெட்டதா என்று கூட நம்மால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதைகளில் காதலுக்குத் தடையாக நிற்பது வெறும் கோபக்கார அப்பா அல்ல. பட்டம், கடமை, நாட்டுக்குக் கொடுத்த வாக்கு, எதிரி நாட்டுப் பிறப்பு என்று ஒவ்வொரு தடைக்கும் நியாயம் இருக்கும். இருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவே ஓலை, தோழி, படகு, மாறுவேடம் என்று பாதிக் கதை ஓடிவிடும். கைப்பேசியில் நொடியில் பேசிப் பழகிய நமக்கு இந்தக் காத்திருப்புதான் பெரிய சுவை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் யோசனைகளுக்கெல்லாம் காரணம் புரியும். எல்லாமே அந்தத் 'தெரியாத பாதி'யைக் கடைசிவரை காப்பாற்றுவதற்காகத்தான்.

2. முதல் நூலாக 'பார்த்திபன் கனவு' எடுங்கள்

பெரியதையே முதலில் எடுப்பதுதான் எல்லோரும் விழும் பள்ளம். 'பொன்னியின் செல்வன்' 293 அத்தியாயம். 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகம், 209 அத்தியாயம். 'பார்த்திபன் கனவு' மூன்று பாகம்தான், 77 அத்தியாயம். சோழ நாடு சிறு குறுநிலமாகப் பல்லவருக்குக் கப்பம் கட்டிய காலம். தோற்றுப்போன சோழ மன்னனின் மகன் விக்கிரமன், வென்ற பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவி. ஒருவருக்கொருவர் எதிரி வீட்டுப் பிள்ளைகள். கதைமாந்தர் குறைவு, ஓட்டம் வேகம். இந்த வகை உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. ஆனால் கதை நடக்கும் காலப்படி 'சிவகாமியின் சபதம்' அதற்கு முந்தையது. அங்கே இளைஞனாக இருக்கும் மாமல்லர் (அதாவது நரசிம்ம பல்லவன்), இங்கே வயது வந்த மகளுக்குத் தந்தை. ஆகவே 'பார்த்திபன் கனவை' முதலில் படித்தால் சிவகாமியின் கதையில் கொஞ்சம் ஐயம் குறையத்தான் செய்யும். சிலர் அதனால் காலவரிசைப்படியே படிக்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிவகாமியின் கதையில் முடிவைவிட, அந்த முடிவுக்கு அவள் எப்படி வந்து சேர்கிறாள் என்பதுதான் மனத்தை அறுக்கிறது. அது கொஞ்சம் வாசித்துப் பழகிய மனத்துக்குத்தான் முழுதாகப் பிடிபடும். சோகத்தை உங்களால் தாங்க முடியும், நீளம் பொருட்டில்லை என்றால் நேராகச் சிவகாமியிடமே போங்கள், தவறில்லை.

ஆக, வரிசை இது: பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன். மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அலமாரியில் அடுக்கி வைத்த கனமே படிக்கவிடாமல் பயமுறுத்தும்.

3. பதிப்பு: விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு 1999-இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டது. எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் என்பதால்தான் கடையில் இத்தனை பதிப்புகள், இத்தனை விலைகள். ஐந்து பாகமும் சேர்ந்த 'பொன்னியின் செல்வன்' மலிவுப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கெட்டி அட்டை, நல்ல தாள், ஓவியங்கள் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே கதை ஒன்றுதான். ஆனால் படிக்கிற அனுபவம் ஒன்றல்ல.

கடையில் நின்றபடியே இதையெல்லாம் பாருங்கள்.

முதலில், சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் நூலின் பெயர் இருக்கும். 'சுருக்கம்' என்பது உள்ளே ஒரு மூலையில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி அத்தியாய எண்ணிக்கை. 'பொன்னியின் செல்வன்' பாகவாரியாக 57, 53, 46, 46, 91. ஐந்தாம் பாகத்தின் பொருளடக்கத்தில் 91 வரை எண் ஓடுகிறதா, அதற்கப்புறம் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். முடிவுரையை வெட்டிவிட்ட பதிப்பு வேண்டாம். கதைமாந்தர் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று கல்கி அதில்தான் சொல்கிறார்.

அடுத்தது எழுத்தின் அளவு. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகக் கட்டிய மலிவுப் பதிப்புகள் பார்க்க லாபமாகத் தெரியும். எழுத்து பொடி, தாள் மெலிது, பின்பக்கத்து அச்சு முன்பக்கத்தில் தெரியும். படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம் வேறு. நடுப்பக்கத்தை விரித்து வைத்தால் முதுகு விரிசல் விட்டுவிடும். கூடக் கொஞ்சம் கொடுத்தாவது தனித்தனிப் பாகமாக இருப்பதை வாங்குங்கள். பேருந்திலும் கொண்டுபோகலாம், ஒரு பாகத்தை முடித்ததும் வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்பது. புத்தகம் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக மடித்துக் கட்டப்படுகிறது. ஒரு மடிப்பு விட்டுப்போனால் பதினாறு பக்கம் போச்சு. நான் இணையத்தில் வாங்கிய ஒரு தொகுப்பில் மூன்றாம் பாகத்தில் ஒரு மடிப்பு இரண்டு முறை இருந்தது, அடுத்த மடிப்பு இல்லவே இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே பெட்டி வந்த அன்றே உட்கார்ந்து ஐந்து பாகத்திலும் பக்க எண்களை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள். கால்மணி நேர வேலை. ரசீதையும் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

நான்காவது, ஓவியம். இது கட்டாயமில்லை, ஆனால் என் மனத்துக்கு நெருக்கமான விஷயம். தொடராக வந்தபோது 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்தார். குந்தவையின் கொண்டை, நந்தினியின் பார்வை, பழுவேட்டரையரின் மீசை எல்லாம் தமிழ் வாசகர் மனத்தில் இன்றைக்கும் அவர் கோட்டில்தான் இருக்கின்றன. அவருடைய ஓவியங்களோடு வந்த பதிப்பு கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் விடாதீர்கள். வேறு படங்களை ஒட்டிய பதிப்பைவிடப் படமே இல்லாத பதிப்பு மேல்.

எப்போது வாங்குவது? அவசரமில்லை என்றால் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் காத்திருங்கள். பத்து சதவீதத் தள்ளுபடி பொதுவாக உண்டு. அதைவிடப் பெரிய லாபம், எல்லாப் பதிப்பையும் ஒரே கூரையின் கீழ் கையில் எடுத்துப் பார்த்து ஒப்பிடலாம் என்பதுதான். மாவட்டங்களில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களிலும் இது முடியும். பழைய புத்தகம் தேடுகிறவர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பார்க்கலாம். ஆனால் அங்கே பாகங்கள் தனித்தனியாகச் சிதறித்தான் கிடைக்கும். இரண்டாம் பாகம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினால் மிச்சத்தைத் தேடி அலைய வேண்டிவரும்.

4. காசில்லாமல், சட்டப்படி

நாட்டுடைமை நூல் என்பதால் கல்கியை இலவசமாகப் படிக்கத் தடையே இல்லை. தன்னார்வலர்கள் 1998 முதல் நடத்திவரும் இணைய நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தில் இந்த நாவல்கள் பாகம் பாகமாக இருக்கின்றன. பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம்.

ஒரே எச்சரிக்கை: பழைய எழுத்துருக் குறியீட்டில் உள்ள கோப்பை இறக்கினால் கைப்பேசியில் குப்பை எழுத்தாகத் தெரியும். யூனிகோட் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பி.டி.எஃப் கோப்பு சிறு திரையில் கண்ணுக்கு வேதனை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக்கூடிய மின்னூல் வடிவம் இருந்தால் அதை எடுங்கள்.

ஆனால் இந்தச் சலுகை எல்லா எழுத்தாளருக்கும் பொருந்தாது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. குழுக்களில் பகிரப்படும் பி.டி.எஃப்களில் பெரும்பகுதி இன்றைய எழுத்தாளர்களின் நூல்கள், அனுமதி இல்லாமல் வருடியவை. ஒரு சரித்திர நாவலுக்காக ஒருவர் கல்வெட்டு, செப்பேடு என்று வருஷக்கணக்கில் தேடியிருப்பார். அவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு ஒலிநூல் நல்ல வழி. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாசிப்பவரை முதலில் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் கூடவே வரப்போகிற குரல், பிடிக்காமல் போனால் கதையும் பிடிக்காமல் போகும்.

5. நூலகத்தில் எடுப்பதென்றால்

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம் இரண்டிலும் கல்கி கட்டாயம் இருப்பார். உறுப்பினராக ஆதார் போன்ற முகவரிச் சான்றின் நகலும் புகைப்படமும் கேட்பார்கள். வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும். கிளைக்குக் கிளை சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் படிவம் வாங்கப் போகும்போதே என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை; அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள்.

நூலகத்தில் உள்ள பெரிய தொல்லை பாகங்கள்தான். முதல் பாகம் மூன்று படி இருக்கும். ஐந்தாம் பாகம் தூசி தட்டாமல் இருக்கும். மூன்றாவது மட்டும் யாரோ எடுத்துப் போய் மாதக்கணக்கில் திரும்பி வந்திருக்காது. கதை கொதிக்கும் இடத்தில் நின்றுபோவதைப் போல எரிச்சல் வேறில்லை. முதல் பாகத்தை எடுக்கும் முன்பே மற்ற பாகங்கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள். இல்லாத பாகத்தை மதுரைத் திட்டத்தில் படித்துக்கொள்ளலாம் என்பதால் திட்டமிட்டால் சமாளிக்கலாம்.

6. எவ்வளவு நேரம் ஆகும், எப்போது தொடங்குவது

ஒரு அத்தியாயத்துக்குச் சுமார் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடராக எழுதப்பட்டவை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டுமே. அதனால் அத்தியாயம்தான் இயல்பான அளவு, பக்கக் கணக்கு வேண்டாம்.

ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்றால் 'பார்த்திபன் கனவு' நாற்பது நாளுக்குள் முடியும். 'சிவகாமியின் சபத'த்துக்கு மூன்றரை மாதம். 'பொன்னியின் செல்வ'னுக்கு ஐந்து மாதம். முதலில் மலைப்பாக இருக்கும். உண்மையில் நடப்பது வேறு: இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டால் இரண்டோடு நிறுத்த முடியாது. அதனாலேயே பரீட்சை, கல்யாண வேலை, அலுவலகத்தில் நெருக்கடி என்று இருக்கும் மாதத்தில் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்றைய வீராணம்தான் அது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கினால் ஆற்றில் புதுத் தண்ணீர் பார்த்த கண்ணோடு படிக்கலாம், மார்கழிக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு கோரிக்கை. முதல் பாகத்தில் 14-ஆம் அத்தியாயம் வரை எப்படியாவது போய்விடுங்கள். அதற்கு முந்தைய பகுதியில் பெயர்களும் அரசியலும் அதிகம். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். குடந்தை சோதிடர் வீட்டில், ஓலை கொண்டுபோகும் வீரன் வந்தியத்தேவன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். யார் என்று சோதிடர் சொல்ல மறுத்துவிடுகிறார். அடுத்து அரிசிலாற்றங்கரை. பெண்களின் கூச்சல் கேட்டுக் குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறான். வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. யோசிக்காமல் வேலை எறிகிறான். வேல் முதலையின் முதுகில் பாய்கிறது. பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். அது செத்து, பஞ்சு அடைத்து வைத்த முதலை! அவன் வெட்கப்பட்டு நிற்கும்போது எதிரே நிற்பவள் அந்தச் சோதிடர் வீட்டுப் பெண். அவளுக்குச் சேர வேண்டிய ஓலை அவனிடமே இருக்கிறது. அவள்தான் அந்த ஓலைக்கு உரிய இளவரசி குந்தவை என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு வீரனின் முதல் வீரச்செயலைப் பொய் முதலையின் மேல் செலுத்த வைத்து, அந்த அசட்டுத்தனத்திலேயே காதலை முளைக்க வைக்கிறார் கல்கி. இந்த அத்தியாயம் உங்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் 279-ஐயும் படித்துவிடுவீர்கள். பிடிக்கவில்லை என்றால் இது உங்கள் வகை இல்லை. மனசாட்சிக் குத்தல் இல்லாமல் மூடி வைத்துவிட்டு வேறு நூல் எடுங்கள்.

7. பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுத் தாள்

ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே. அவர்தான் பின்னாளில் இராஜராஜன். இளைய பிராட்டி என்றால் குந்தவை. ஆழ்வார்க்கடியானின் இயற்பெயர் திருமலை. பழுவேட்டரையர் இருவர், அண்ணன் தம்பி. மாமல்லரும் நரசிம்மரும் ஒருவரே. அதோடு 'பார்த்திபன் கனவு' குந்தவி பல்லவ இளவரசி, 'பொன்னியின் செல்வன்' குந்தவை சோழ இளவரசி. முந்நூறு ஆண்டு இடைவெளி. புத்தக அடையாளமாகவே ஒரு நீளத் தாளை வைத்து, புதுப் பெயர் வரும்போது ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வம்ச வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் யாரை மணந்தார், யார் எப்போது இறந்தார் என்று எல்லாவற்றையும் அது போட்டு உடைத்துவிடும்.

நேரக் கணக்கு எளிது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு ஜாமம் மூன்று மணி. 'மூன்றாம் ஜாமம்' என்றால் நள்ளிரவு தாண்டிவிட்டது. சுரங்கப்பாதைச் சந்திப்புகள் பெரும்பாலும் அப்போதுதான்.

ஊர்களுக்குத் தனி வரைபடம் வேண்டாம், கைப்பேசியில் உள்ளதே போதும். குடந்தை என்றால் கும்பகோணம். பழையாறை அதன் பக்கத்தில். கோடிக்கரை இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. வாதாபி கர்நாடகத்தின் பாதாமி. இலங்கை வாசகர்களுக்கு இரண்டாம் பாகம் இன்னும் நெருக்கம். அனுராதபுரம் வரை கதை போகிறது. ஓர் ஊரின் தூரத்தைப் பார்த்துவிட்டுக் குதிரையில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓலை தாமதமாவதன் தவிப்பு அப்போதுதான் உறைக்கும்.

8. எது நிஜம், எது கற்பனை: முடித்த பிறகு பாருங்கள்

படிக்கும்போதே இணையத்தில் தேடும் பழக்கம் இந்த வகை நூலுக்கு விஷம். 'பொன்னியின் செல்வ'னில் வரும் ஒரு காதலின் முடிவைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று ஒரே தொடரில் சொல்லிவிடுகிறது. எந்தக் காதல் என்று இங்கே சொல்லமாட்டேன், நீங்களும் தேடாதீர்கள்.

முடித்த பிறகு தாராளமாகத் தேடுங்கள், அது தனி இன்பம். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை என்று தெரியும்போது முதலில் ஏமாற்றமாக இருக்கும். அப்புறம், இல்லாத பெண்ணுக்காகவா இவ்வளவு கலங்கினோம் என்று கல்கி மேல் மரியாதை கூடும். 'சிவகாமியின் சபத'த்தில் வரும் பரஞ்சோதி நிஜம். வாதாபியை அழித்த தளபதி, பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனாராகப் பெரியபுராணத்தில் வருகிறார். சோழர் பகுதிக்குச் சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' படியுங்கள். தமிழிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்.

ஊர் பார்க்கப் போவதும் முடித்த பிறகுதான். மாமல்லபுரச் சின்னங்களுக்கு இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். ஒரே சீட்டில் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள், பாறைச் சூடு பதினோரு மணிக்கு மேல் தாங்காது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கட்டணம் இல்லை.

9. கல்கிக்கு அப்புறம்

காதலே முதன்மையாக வேண்டும் என்றால் சாண்டில்யன். மூன்று பாகமான 'கடல் புறா'வில் கருணாகர பல்லவன், ஸ்ரீவிஜயக் கடல், மரக்கலப் போர் எல்லாம் உண்டு. காஞ்சனாதேவி, மஞ்சளழகி இருவருக்கும் நடுவே அவன் மனம் படும் பாடும் உண்டு. கரிகாலன் காலத்து 'யவன ராணி' இரண்டு பாகம். கல்கியிடம் காதலர் கண்ணால் பேசுவார்கள். சாண்டில்யனிடம் பக்கத்தில் வந்து பேசுவார்கள். பெண்களின் அங்க வருணனை பக்கம் பக்கமாகப் போகும். எனக்கு அது பல இடங்களில் அளவு மீறியதாகவே படுகிறது. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் முன் நீங்கள் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஆனால் போர்த் தந்திரத்தை அவர் விளக்கும் தெளிவு வேறு எவரிடமும் இல்லை. அவர் நாயகிகள் வெறுமனே காத்திருக்கிறவர்களும் அல்ல. வாளும் எடுப்பார்கள், வியூகமும் வகுப்பார்கள். இவற்றை வானதி பதிப்பகம் வெளியிடுகிறது. பல பதிப்புகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கும் தலைவலி இங்கே இல்லை.

கல்கி விட்ட இடத்திலிருந்து சோழர் கதையைத் தொடர விரும்பினால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. இராஜேந்திர சோழன் காலம். 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவுக்கும் ஈழத்து ரோகிணிக்கும் இடையில் இரண்டு நாடுகளின் பகை நிற்கிறது. கல்கியின் குறும்பு இதில் இல்லை, நடை நிதானம். 'பொன்னியின் செல்வன்' முடித்த சூட்டிலேயே எடுத்தால் ஒப்பிட்டு ஒப்பிட்டு இதன் அருமை தெரியாமல் போகும். நடுவில் ஒரு மாதம் வேறு ஏதாவது படித்துவிட்டு எடுங்கள்.